சேலத்தில் இருக்கிறேன், சினிமாவில் யாரையும் தெரியாது. நோட்டு நிறையப் பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். பாடலாசிரியர் ஆக என்ன வழி?

வழி இருக்கிறது தம்பி. ஆனால் அந்த நோட்டை யாரிடமும் நீட்டாதீர்கள்.

எழுதி வைத்த பாட்டை வாங்கி மெட்டுப் போடுவது இன்றைய தமிழ் சினிமாவில் அபூர்வம். மெட்டுதான் முதலில் வரும். இசையமைப்பாளர் ‘தன்னன தானா’ என்று முனகியதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இயக்குநர் சூழலை இரண்டு வரியில் சொல்வார். நாளைக் காலைக்குள் பல்லவி வேண்டும் என்பார்கள். கவிதை அருமையாக எழுதுகிற பலர் இந்த இடத்தில்தான் கையைத் தூக்கிவிடுகிறார்கள்.

நான் பகலில் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பாட்டெல்லாம் கடை சாத்திய பிறகுதான். பெரிய பெயர் எதுவும் வாங்கவில்லை, ஆனால் கூப்பிடுகிறார்கள். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யாப்பு தெரிந்திருந்தால் பாதிச் சுமை குறையும். மீதியை வாய்விட்டுப் பாடிப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ‘தன்னன தானா’வுக்குக் ‘கண்ணுல ஈரம்’ என்று எழுதினால் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மெட்டில் கடைசி ‘னா’ நாலு தாளத்துக்கு நீளுகிறது என்றால், பாடகர் ‘ரம்ம்ம்’ என்று வாயை மூடிக்கொண்டு முனக வேண்டியதுதான். ‘கண்ணுல தீயா’ என்றால் வாய் திறக்கும், குரல் போகும். உச்ச ஸ்தாயியில் ஆ, ஏ, ஓ போல நெடில் விழுந்தால் பாடகர் உங்களை வாழ்த்துவார். அங்கே ‘பாட்டு’, ‘காத்து’ போன்ற சொல்லின் கடைசி உகரம் விழுந்தால் ரெக்கார்டிங்கிலேயே மாற்றச் சொல்வார்கள். மூச்சு எடுக்கிற இடத்தில் ஒரு சொல் இரண்டாக உடையவும் கூடாது. ‘மலை’ என்று பாடி, மூச்சு வாங்கி, ‘யேறி’ என்றால் கேட்கிறவனுக்கு ஒன்றும் புரியாது.

பழகுவதற்கு, பழைய பாட்டுகளின் கரோக்கி டிராக் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. வரிகள் உங்களுக்கு மனப்பாடம் இல்லாத பாட்டாக எடுங்கள், இல்லாவிட்டால் பழைய வரியே நாக்கில் வந்து நிற்கும். ஒவ்வொரு மெட்டுக்கும் மூன்று நாலு பல்லவி எழுதிப் பாருங்கள். முதல் பல்லவியை ஏற்றுக்கொள்கிற இயக்குநரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து, யாரைப் பிடிப்பது? பெரிய இசையமைப்பாளர்களின் ஆபீஸ் வாசலில் நிற்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உங்களைப் போலவே பெயர் வராத இசையமைப்பாளரைத் தேடுங்கள். குறும்படம் எடுக்கிற கல்லூரிப் பையன்கள் சேலத்திலேயே இருக்கிறார்கள், அவர்களோடு கீபோர்டு வாசிக்கிற ஒருவன் இருப்பான். அவனுக்கு வரி எழுத ஆள் கிடைக்காது. பாடலாசிரியர் நா. முத்துக்குமார் இயக்குநர் பாலு மகேந்திராவிடம் உதவியாளராகத்தான் சினிமாவுக்குள் வந்தார். பாட்டெழுத வருகிறவர் பாட்டு வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஊருக்குள்ளேயே வேலை உண்டு. ஆடி வந்தால் கோட்டை மாரியம்மனுக்கும் குகை மாரியம்மனுக்கும் புதுப்பாட்டு கேட்டு ரெக்கார்டிங் தியேட்டர்காரர்கள் ஆள் தேடுவார்கள். தேர்தல் வந்தால் பிரச்சாரப் பாட்டு. ஜவுளிக்கடை விளம்பரம் என்றால் முப்பது விநாடிக்குள் கடை பெயரும் வர வேண்டும், எதுகையும் நிற்க வேண்டும். இதையெல்லாம் மட்டமாகப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டித்தானே போகிறீர்கள்? அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாடலாசிரியர் மருதகாசி, நாடகத்துக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்தவர். 1949இல் வந்த ‘மாயாவதி’ வழியாக அந்த ஸ்டுடியோவில்தான் சினிமாவுக்குள் நுழைந்தார். அன்றைக்குச் சேலம் நோக்கி வந்தார்கள், இன்றைக்கு நாம் சென்னை சாலிகிராமம் நோக்கிப் போகிறோம்.

பணம், பெயர். ஏற்காட்டில் எடுத்த ஒரு தனிப்பாடல் வீடியோவில் என் பெயரையே போடாமல் விட்டார்கள். நடனக் குழுவுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருந்தது. ஆகவே வரியைக் கொடுக்கும் முன் பெயரும் பணமும் உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள், ஒரு மின்னஞ்சலாவது இருக்கட்டும். காப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்து வடிவில்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவில் இடம்பெற்ற பாட்டு தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும்போது வருகிற ராயல்டியில் பாடலாசிரியருக்குச் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. பாட்டு வெளியானதும் ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள், ராயல்டியை வசூலித்துத் தருவது அவர்கள் வேலை. வாய்ப்பு வாங்கித் தருகிறேன், சங்க உறுப்பினர் கார்டுக்கு இவ்வளவு கட்டு என்று எவனாவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

வேலையை விட வேண்டாம். சம்பளம் வந்துகொண்டிருந்தால்தான் மோசமான ஒப்பந்தத்துக்கு ‘வேண்டாம் சார்’ என்று சொல்ல முடியும். முக்கால்வாசி எழுத்து வேலை போனிலேயே முடிகிறது. ரெக்கார்டிங்குக்கு நேரில் கூப்பிட்டால் இரவு ரயில் ஏறி விடிகாலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம். சென்னையில் ரூம் பார்க்கிற யோசனையை, ஒரே இசையமைப்பாளர் இரண்டாவது தடவை அவராகவே கூப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.