வெள்ளைத் தூள் கொடுத்தால் நடக்கிறது, நிறுத்தினால் நொண்டுகிறது: என் குதிரைக்கு என்ன மருந்து போட்டார்கள்?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று, பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற குதிரை ஒன்றை 4,800 வெள்ளிக்கு ஒரு புரோக்கரிடம் வாங்கினேன். பார்க்கப் போன அன்று பிள்ளைகள் வாலைத் தொட்டும் அசையாமல் நின்றது. வீட்டுக்கு வந்த பத்து நாளில் முன்கால் நொண்ட ஆரம்பித்துவிட்டது, குணமும் மாறிவிட்டது. புரோக்கரிடம் சொன்னேன். 'வைட்டமின்தான், தவிட்டில் கலந்து கொடு' என்று வெள்ளைத் தூள் பாக்கெட் அனுப்பினார். கொடுத்த மறுநாளே நன்றாக நடந்தது. நிறுத்தினால் மறுபடி நொண்டுகிறது. விற்கும்போதே மருந்து போட்டிருந்தார்களா? இப்போது ரத்தம் எடுத்தால் தெரியுமா? பந்தயக் குதிரைகளுக்கு டெஸ்ட் எடுக்கிறார்களே, அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கலாமா? அடுத்த மாதக் கல்யாணம் ஒன்றுக்கு முன்பணமும் வாங்கிவிட்டேன்.

பதில்: ஒரே இரவில் நொண்டலை நிறுத்தும் வைட்டமின் எதுவும் உலகத்தில் இல்லை. முதலில் அந்தத் தூளை நிறுத்துங்கள். மிச்சம் இருக்கும் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல், பிரிக்காமல், தேதி எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.

பெயர் ஒட்டாத பாக்கெட்டைப் பார்க்காமலேயே அதில் இருப்பது இன்னதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குதிரை லாயத்தில் நாலு நாள் வேலை செய்த எவரும் உங்கள் கடிதத்தைப் படித்தால் 'பியூட்' என்றுதான் சொல்வார்கள். முழுப் பெயர் ஃபீனைல்பியூட்டாசோன். வலியையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து. டாக்டர் எழுதிக்கொடுத்து, அளவோடு, சில நாள் கொடுத்தால் நல்ல மருந்துதான். அளவு கொஞ்சம் கூடினாலும் வயிற்றில் புண், குடல் அழற்சி, சிறுநீரகக் கோளாறு என்று போகும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காத குதிரைக்கு இன்னும் சீக்கிரம் போகும். மூட்டுவலிக்காக இதை ஒரு காலத்தில் மனிதர்களுக்கும் கொடுத்தார்கள். எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும் ஆபத்து தெரிந்த பிறகு பல நாடுகளில் விலக்கிக்கொண்டார்கள். அதனால் வெறுங்கையால் தவிட்டில் பிசைய வேண்டாம். வீட்டில் யாருக்காவது முட்டி வலித்தால் 'ஒரு சிட்டிகை' என்று எடுப்பதும் வேண்டாம். இந்த மருந்து ஏறிய குதிரையின் இறைச்சி எவர் சாப்பாட்டுக்கும் போகக் கூடாது.

ரத்தப் பரிசோதனை இப்போது வீண் செலவு. ஐரோப்பியப் பந்தய ஆய்வகங்களின் பட்டியலில் பியூட்டுக்குக் கண்டுபிடிப்புக் காலம், அதாவது கொடுத்த பிறகு சோதனையில் தெரியும் காலம், 7 நாள், ஃபுளூனிக்சின் என்ற இன்னொரு வலி மருந்துக்கு 6 நாள். உங்கள் குதிரை நொண்டத் தொடங்கியதே பத்தாவது நாள். விற்பனை நாளில் உடம்பில் இருந்தது அதற்குள் போயிருக்கும். இன்று ரத்தம் எடுத்தால் பியூட் தெரியலாம், ஆனால் அது நீங்கள் உங்கள் கையால் தவிட்டில் போட்டது! அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு புரோக்கரிடம் போனால் அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

குணம் மாறியது வேறு விஷயம். ரெசர்பின், ஃபுளூஃபெனசின் என்று சில மருந்துகள் உண்டு. மனித மனநோய், ரத்த அழுத்த சிகிச்சையிலிருந்து வந்தவை. ஓர் ஊசி போட்டால் துடுக்கான குதிரையும் பல நாள் மந்தமாக நிற்கும். குதிரை விற்பவர்களிடம் இது பழைய வித்தை. பட்டினி போட்டு வைத்திருந்த குதிரை நல்ல தீனி கிடைத்ததும் துள்ளுவதும் உண்டு. எதுவாக இருந்தாலும் வாங்கிய பிறகு நீங்கள் பார்ப்பதுதான் அதன் நிஜக் குணம்.

'டோப்பிங்' என்றாலே நம் ஆட்கள் குதிரையை வேகமாக ஓட வைக்கும் மருந்து என்று நினைக்கிறார்கள். பந்தய உலகத்தில் பெரிய தலைவலி வலி மருந்துதான். அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் 1968-இல் முதலாவதாக வந்த டான்சர்ஸ் இமேஜ் தகுதி இழந்தது இதே பியூட் உடம்பில் இருந்ததால்தான். 2021-இல் முதலாவது வந்த மெடினா ஸ்பிரிட் உடம்பில் பீட்டாமெத்தசோன் என்ற, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு இருந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 21 பிகோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 21 பங்கு. தோல் சொறிக்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது என்று வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2022 பிப்ரவரியில் வெற்றியைப் பறித்துவிட்டார்கள். வலியை மறைத்து ஓடும் குதிரை அடிபட்ட காலிலேயே முழு எடையையும் போடும். எலும்பு முறிந்தால் அதன் மேல் இருக்கும் ஆளும் கீழே போவார். அதற்காகத்தான் இத்தனை கெடுபிடி. உங்கள் குதிரை மேல் உட்காரப் போவது பட்டு வேட்டியும் மாலையுமாக, கடிவாளமே பிடித்துப் பழகாத மாப்பிள்ளை.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல விற்பனையாளரையும் திருடன் என்று திட்டிவிடுகிறோம். மூட்டு ஊசி. ஓடி ஓடித் தேய்ந்த முட்டியிலோ கணுக்காலிலோ டிரையாம்சினோலோன் மாதிரி ஸ்டீராய்டு மருந்தை நேராக மூட்டுக்குள்ளேயே போடுவார்கள். இது ஒளிவுமறைவான வேலை கிடையாது, ஒழுங்கான சிகிச்சை. பந்தய விதிகளே இதை ஒத்துக்கொண்டு, ஊசிக்கும் பந்தயத்துக்கும் நடுவில் இத்தனை நாள் இருக்க வேண்டும் என்று கணக்கு வைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் முழுதாக 8 நாள், அமெரிக்காவின் புதிய தேசிய விதியில் 14 நாள். சிக்கல் என்னவென்றால், மருந்து ரத்தத்திலிருந்து போன பிறகும் மூட்டில் சுகம் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே வாங்கும் அன்றே ரத்தம் எடுத்திருந்தாலும் சுத்தமாக வந்திருக்கலாம், குதிரையும் நன்றாக நடந்திருக்கலாம், இரண்டு மாதம் கழித்து நொண்டவும் செய்யலாம். நேர்மையானவர் என்றால் 'இந்த மூட்டில், இந்தத் தேதியில், இந்த டாக்டர் ஊசி போட்டார், இதோ எக்ஸ்ரே' என்று அவராகவே சொல்வார். அப்படிச் சொன்னவரின் குதிரை பிறகு நொண்டினால் அவர் மேல் கோபப்படாதீர்கள், நீங்கள் தெரிந்தே வாங்கினீர்கள். திரும்பத் திரும்ப இந்த ஊசி போட்ட மூட்டில் குருத்தெலும்பு கெட்டுப்போகும் என்பதால் எத்தனை தடவை என்றும் கேட்க வேண்டும். உங்கள் புரோக்கர் இந்த ரகம் இல்லை. ஊசி போட்டோம் என்று சொல்கிறவர் எதற்குப் பெயரில்லாத தூளை வைட்டமின் என்று அனுப்பப் போகிறார்?

பந்தய ரிப்போர்ட் பற்றி. நம் நாட்டுக் கிளப்புகள் மலாயன் ரேசிங் அசோசியேஷன் விதிப்படி நடக்கின்றன. பந்தயம் முடிந்ததும் ஜெயித்த குதிரையிடமும், சந்தேகத்துக்குத் தேர்ந்தெடுத்தவற்றிடமும் மாதிரி எடுப்பார்கள். அதை இரண்டாகப் பிரித்து முத்திரை வைப்பார்கள், ஒன்றில் தப்பு தெரிந்தால் மற்றதைச் சோதிக்க. அது அந்த ஒரு நாள் பந்தயம் யோக்கியமாக நடந்ததா என்று பார்க்கும் ஏற்பாடு. கடைசிப் பந்தயத்துக்குப் பிறகு, லாயத்தில் நின்ற மாதங்களில், லாரியில் ஏறுவதற்கு முந்தின இரவில் என்ன போட்டார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரிப்போர்ட் கிடைத்தாலும் உங்களுக்கு உதவாது.

உதவக்கூடியது குதிரையின் சிகிச்சைப் பதிவேடு. அதை வாங்குகிறவன் கையில் கொடு என்று கட்டாயப்படுத்த இங்கே ஆள் இல்லை. எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதுதான். ஹாங்காங் ஜாக்கி கிளப்பின் இணையத்தளத்தில் ஒரு குதிரையின் பெயரைப் போட்டால் என்றைக்கு நொண்டியது, என்றைக்கு மூக்கில் ரத்தம் வந்தது, எப்போது தேறியது என்று தேதியோடு வரும். பத்து டாலர் பந்தயம் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் தகவல், நம் ஊரில் முழுக் குதிரையையும் காசு கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை. கேட்டால் உரிமையாளரைக் கேள் என்பார்கள், உரிமையாளர் பயிற்சியாளரைக் கேள் என்பார், பயிற்சியாளர் போனை எடுக்க மாட்டார். சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி மூடினார்கள். அதற்குப் பிறகு 'கிராஞ்சிக் குதிரை' என்று சொல்லாத புரோக்கரை நான் பார்க்கவில்லை. அத்தனை பேரும் சொல்லும் கணக்கைக் கூட்டினால் கிராஞ்சியில் குதிரைகளை மாடி கட்டித்தான் வைத்திருக்க வேண்டும்.

அதிகாரிகளை விடுங்கள், குதிரையே கொஞ்சம் சொல்லும். நம் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருபவை. தோளில் முத்திரை இருக்கும். ஆஸ்திரேலியக் குதிரை என்றால் ஒரு தோளில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். கீழே இருப்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். புரோக்கர் 'எட்டு வயது' என்று சொன்ன குதிரைக்குக் கீழே என்ன எண் என்று முடியை ஒதுக்கிப் பாருங்கள். கழுத்தின் இடது பக்கம் மைக்ரோசிப் இருக்கும், கருவி வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் படித்துச் சொல்வார். குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அந்த மைக்ரோசிப் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். குதிரையின் நிஜப் பெயர் கிடைத்துவிட்டால் அது எங்கே, எப்போது ஓடியது என்பது இணையத்திலேயே கிடக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் இருந்த இடைவெளிகளைப் பாருங்கள். பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளான ஸ்டூவர்டுகளின் அறிக்கைகளில் 'பந்தயத்துக்குப் பின் முன்கால் நொண்டல்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இதற்குக் காசு இல்லை, பொறுமை போதும். ரத்த டெஸ்டை விட இது அதிகம் சொல்லும்.

ரத்தத்துக்கு என்று எடுத்து வைத்த பணத்தை எக்ஸ்ரேக்குப் போடுங்கள். தூளை நிறுத்தி ஒரு வாரம் கழித்து, குதிரை நொண்டும்போதே டாக்டர் பார்க்க வேண்டும். இடையில் வலி தாங்காமல் படுத்துவிட்டாலோ, தீனியை ஒதுக்கினாலோ ஒரு வாரம் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். புரோக்கர் கூட்டிவரும் டாக்டர் வேண்டாம். அவர் டாக்டரே இல்லாமலும் இருக்கலாம், மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு உண்டா என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கணுக்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே, பின்பக்கம் சின்னத் தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வலி தெரியாமல் இருக்க நரம்பையே அறுத்துவிட்டு விற்பது ஒன்று உண்டு. ஈரச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வீட்டை விற்பது மாதிரி. அப்படிப்பட்ட குதிரைக்குக் குளம்பின் பின்பகுதியில் உணர்வே இருக்காது, ஆணி குத்தினாலும் தெரியாது.

பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? கேளுங்கள், எழுத்தில். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், 5 வெள்ளிதான் கட்டணம். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்கு. நீங்கள் வாடகைத் தொழிலுக்கு வாங்கினீர்கள் என்பதால் அங்கே தள்ளிவிட வாய்ப்பு அதிகம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறை இருக்கிறது, வக்கீல் வேண்டியதில்லை. அங்கே உங்களுக்குக் கை கொடுக்கப் போவது 'வைட்டமின்' என்று அவர் அனுப்பிய செய்தியும், பிரிக்காத பாக்கெட்டும், டாக்டரின் கடிதமும்.

அடுத்த குதிரை வாங்கினால், பணம் கைமாறும் அன்றே உங்கள் டாக்டரை வைத்து இரண்டு குப்பி ரத்தம் எடுத்து, விற்பவர் கையெழுத்தோடு முத்திரை வைத்து, ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரான சீரத்தை உறைய வைக்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் விற்பனைப் பரிசோதனையில் எடுக்கும் ரத்தத்தை 6 மாதம் பத்திரப்படுத்துகிறார்கள். சோதிக்கத் தேவையே வராமல் போகலாம். ரத்தம் எடுக்கிறோம் என்றதும் 'குதிரை பயப்படும்', 'இன்னொரு ஆள் வெளியே காத்திருக்கிறார்' என்று ஆரம்பித்தால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கல்யாண வீட்டார் கோபப்பட்டாலும் சரி. நொண்டும் பிராணியை வேலை வாங்குவது 2015 விலங்கு நலச் சட்டத்தின் கீழ் கொடுமை, அபராதம் 20,000 வெள்ளியில் தொடங்கி 100,000 வரை போகும், சிறையும் உண்டு. தூள் கொடுத்து நடக்க வைத்தால் யாருக்கும் தெரியாது என்று அந்தப் புரோக்கர் அடுத்து யோசனை சொல்வார், பாருங்கள். அப்புறம், எந்த முன்கால், இடதா வலதா என்று நீங்கள் எழுதவே இல்லை. எக்ஸ்ரே எடுத்ததும் படத்தோடு அதையும் சேர்த்து எழுதுங்கள்.