விதை நெல்லில் அந்து: எத்தனை மாத்திரை போடலாம்?

கேள்வி: தை அறுவடையில் விதைக்கென ஒதுக்கிய சி.ஆர். 1009 ரக நெல் நாலு மூட்டை வீட்டு ரேழியில் கிடக்கிறது. மூட்டையைத் தொட்டாலே அந்துப்பூச்சி கிளம்புகிறது. நெல்லில் குண்டூசித் தலையளவு ஓட்டை. உரக்கடையில் ஒரு குழாய் செல்பாஸ் மாத்திரை கொடுத்தார்கள். மூட்டைக்கு எத்தனை போடலாம்? ஆவணியில் நாற்று விட வேண்டும்.
– விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஒன்றுகூடப் போடாதீர்கள். அது காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பின் என்ற நச்சு வாயுவைக் கக்கும். காற்றுப் புகாமல் நாள்கணக்கில் மூடி வைத்தால்தான் பூச்சி சாகும். சணல் சாக்கில் போட்டால் ரேழியில் படுப்பவர்தான் சாவார். அரசு அனுமதி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டிய விஷம் அது. விற்றவருக்கும் இது தெரியும், தெரிந்தே விற்கிறார்கள். திருப்பிக் கொடுங்கள். வாய்க்காலில் மட்டும் வீசிவிடாதீர்கள், தண்ணீர் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும்.

பறக்கிற அந்து நெல்லைத் தின்பதில்லை. தின்றது உள்ளேயிருந்த புழு. பெரும்பாலும் வயலில் கதிரிலேயே ஏறி வந்திருக்கும். என்ன ஈரத்தில் மூட்டை கட்டினீர்கள்? அதை எழுதவே இல்லையே! டெல்டாவில் நடப்பது இதுதான்: கொள்முதல் நிலையத்துக்குக் காயவைத்த நெல்லிலேயே நாலு மூட்டையை விதைக்கென்று தள்ளி வைப்பது. அங்கே 17 சதவீத ஈரம் வரை எடுப்பார்கள். அது அரைக்கப் போகிற நெல். விதைக்கு 13-ஐத் தாண்டக்கூடாது. ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பூச்சியை விரட்ட நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வசம்புத்தூள் நல்லதுதான், நானே சொல்வேன். ஈர நெல்லில் அதைக் கொட்டி என்ன பயன்?

அடுத்த தையில் இதைச் செய்யுங்கள். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் நெல், ஒரு கைப்பிடி உலர்ந்த தூளுப்பு போட்டு நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல். களத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். ஒட்டாவிட்டால் 13 வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, விதைப் பரிசோதனை நிலையத்தில் பார்த்துவிடுங்கள். காலை 8 முதல் 12, பிறகு 3 முதல் 5 வெயில் போதும். உச்சிவெயில் வேண்டாம். சூடு ஆறாமல் மூட்டை கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.

இப்போதைக்கு நெல்லைத் தூற்றி, பொறுக்காமல் வந்தபடி 100 நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் முளை கட்டிப் பாருங்கள். 80 முளைத்தால் மறுபடி காயவைத்து, புதுச் சாக்கில் கட்டி, பலகைமேல் வையுங்கள். குறைந்தால், விதையளவைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள், கேட்காதீர்கள். புழு தின்ற விதையில் வரும் நாற்று சவலைதான். வேளாண் விரிவாக்க மையத்தில் சான்று விதை கேளுங்கள். ஆவணி பிறக்கட்டும் என்று இருந்தால் கிடைக்காமல் போகலாம், இந்த வாரமே போங்கள்.