கேள்வி – பதில்: வண்ணம் தீட்டிய ஜப்பானிய அஞ்சலட்டைகள்

கேள்வி: ஃபூஜி மலை, கிமோனோ அணிந்த பெண்கள், நாற்று நடும் உழவர்கள் எனப் பழைய ஜப்பானியப் பட அஞ்சலட்டைகள் சில எனக்குக் கிடைத்துள்ளன. இவை ஓவியங்களா, புகைப்படங்களா? இவற்றின் வண்ணங்களை நம்பலாமா? காலத்தை எப்படி அறிவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவை பெரும்பாலும் புகைப்படங்களாகவே இருக்கும், வண்ணம் மட்டும் பின்னர் தூரிகையால் தீட்டப்பட்டது. 1860களில் யோகோஹாமாவில் படக்கூடம் நடத்திய பெலிச்சே பியாட்டோ தம் படங்களுக்குக் கையால் வண்ணமிட்டு விற்றார். குசாகாபே கிம்பேய், தமாமுரா கோசபுரோ முதலியோர் அத்தொழிலைப் பெருக்கினார்கள். அவர்களுடைய ஆல்பங்களை வாங்கியவர்களில் வெளிநாட்டுப் பயணிகளே மிகுதி. தனியார் அஞ்சலட்டை வெளியிட 1900 அக்டோபரில் அரசு அனுமதித்த பிறகுதான் இந்தக் கைவேலை மலிவு விலையில் பலரையும் எட்டியது. 1904–05 ரஷ்ய ஜப்பானியப் போரின்போது அட்டை சேர்க்கும் ஆர்வம் ஜப்பான் முழுவதும் பரவியது.

வண்ணத்தைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. பட்டறையில் அமர்ந்து வண்ணமிட்டவர் அந்த ஊரையோ அந்தப் பெண்ணையோ நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒரே படத்தின் இரு பிரதிகளில் ஒரே கிமோனோ வெவ்வேறு நிறங்களில் இருப்பதைக் காணலாம். பகலில் எடுத்த காட்சிக்கு நீலம் பூசி, நிலவையும் வரைந்து, இரவாக்கி விற்றதும் உண்டு. படக்கூடத்தில் திரைச்சீலைக்கு முன் அமர்த்தி எடுத்த காட்சிகளும் பல. ஆகவே கூரையின் அமைப்பு, உழவுக் கருவி, தலைமுடி அலங்காரம் ஆகியவற்றுக்குப் புகைப்படத்தையே நம்புங்கள். இதனால் வண்ணத்தின் அருமை குறைந்துவிடாது. ஆயிரக்கணக்கில் அச்சிட்ட பொருளாயினும் ஒரு பிரதியைப் போல் மற்றொன்று இராது என்பதே இந்த அட்டைகளின் பேரழகு என்று கருதுகிறேன்.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கோட்டைத் தாண்டி வழிந்த நிறமும் தூரிகைத் தடமும் தெரிந்தால் அது கைவண்ணம். வண்ணமே சீரான புள்ளிகளாகத் தெரிந்தால் இயந்திர அச்சு.

காலத்தை அறிய அட்டையின் பின்புறம் உதவும். முகவரிப் பக்கம் கோடின்றி முழுவதும் முகவரிக்கே விடப்பட்டிருந்தால் 1907க்கு முந்தையது. மூன்றில் ஒரு பங்கு செய்திக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் 1907க்கும் 1918க்கும் இடைப்பட்டது. சரிபாதியாகப் பிரிந்திருந்தால் அதற்குப் பிந்தையது.

நீர்வண்ணமாதலால் அழுக்கு இருந்தாலும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெயில் படாத இடத்தில், அமிலமற்ற காகித உறையில் வையுங்கள். லேமினேஷன் செய்யவே வேண்டாம்.