நெரிசலில் நின்றால் கார் சூடாகிறதா? கேள்வி பதில் (கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு)

மார்த்தாண்டம்: அண்ணே, எனக்க வண்டி பெட்ரோல், 2014 மாடல். நாகர்கோவில் வர ஓட்டுனா எஞ்சின் சூடு காட்டுற முள்ளு பாதியிலயே நிக்கும். மேம்பாலத்துக்குக் கீழ பத்து நிமிஷம் மாட்டுனா சிவப்புக்குச் சாடுது. ரேடியேட்டர் மாத்தணும்னு சொல்றாவ. மாத்தவா?

இப்ப மாத்தாதீங்க. ஓடுற வண்டிக்குக் காத்து தானா வரும். நிக்கிற வண்டிக்கு ஃபேன் மட்டும்தான் காத்து. ஓட்டத்துல சரி, நின்னா சூடுன்னா முதல்ல ஃபேனைப் பாருங்க.

எஞ்சின் ஆறினபிறகு ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. பெரும்பாலான வண்டியில ஏசி கம்ப்ரசர் பிடிச்சதும் ஃபேன் ஓடணும். ஓடலைன்னா ஃப்யூஸ் பாருங்க, அடுத்து ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடுற சின்ன சுவிட்ச்). ஃப்யூஸ் பெட்டியில அதே நம்பர் போட்ட வேற ரிலே இருந்தா இடம் மாத்திப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. அதுக்கும் அசையலைன்னா ஃபேன் கனெக்டரைக் கழட்டி, பேட்டரியிலருந்து தடி வயர்ல, நடுவுல 30 ஆம்ப் ஃப்யூஸ் வச்சு நேரா கரண்ட் குடுங்க. சுத்தலைன்னா மோட்டார் போச்சு. சுத்துனா வயரிங்.

ஏசிக்கு ஓடுது, சூட்டுக்கு மட்டும் ஓடலையா? கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணி, அதோட சூட்டை அளக்கிற சென்சரையும் வயரையும் பாருங்க. நிறைய வண்டியில அந்த சென்சர் பிளக்கைப் பிடுங்குனா பாதுகாப்புக்காக ஃபேன் முழு வேகத்துல ஓடும். பிடுங்குனதும் ஓடுச்சுன்னா மோட்டாரும் ரிலேயும் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

சாவி எடுத்த பிறகும் ஃபேன் திடீர்னு சுத்தும். கை விடுறதுக்கு முன்னால பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க.

தக்கலை: ஃபேன் ஓடத்தான் செய்யுது. பின்ன ஏன் சூடாவுது?

ஓடுதுங்கிறதும் காத்து இழுக்குதுங்கிறதும் வேற வேற. ஃபேன் ஓடும்போது முன் கிரில் பக்கம் ஒரு முழு செய்தித்தாள் பக்கத்தைப் பிடிச்சுட்டு விடுங்க. ஒட்டிக்கிட்டு நிக்கணும். கீழ விழுந்தா முதல்ல பார்க்க மூணு காரணம். ஒண்ணு, ரெண்டு வேக ஃபேன்ல வேகமான சுத்து செத்துப்போய் மெதுவா மட்டும் ஓடும். ரெண்டாவது, யாரோ வயரை மாத்திப்போட்டு ஃபேன் தலைகீழா சுத்தும். மூணாவது, முன்பக்கம் இடிச்சு வேலை பார்த்தப்ப ஃபேனைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கூட்டைத் திரும்ப மாட்டாம விட்டிருப்பாங்க. அந்தக் கூடு இல்லைன்னா ஃபேன் பக்கவாட்டுக் காத்தைத்தான் இழுக்கும்.

குளச்சல்: எனக்கும் அதே. பேப்பர் ஒட்டல. கூடு இருக்கு, ஃபேன் வேகமாத்தான் சுத்துது.

கடலோரம் நிக்கிற வண்டியா? ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க. பூச்சி, மண்ணு, சருகு எல்லாம் மெத்தை மாதிரி ஒட்டிக் கிடக்கும். எஞ்சின் பக்கத்திலருந்து வெளிய தள்ளுற மாதிரி சாதாரண ஓஸ் தண்ணி விடுங்க. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்ட பிடிச்சா தகடு மடிஞ்சு உள்ளதும் போகும். விரல்ல தொட்டா தகடு பொடியா உதிருதா? அது உப்புக்காத்து தின்ன ரேடியேட்டர். அதை மட்டும் மாத்துங்க.

கொல்லங்கோடு: கெணத்து வெள்ளம் ஊத்தலாமா? எங்க கெணத்து வெள்ளம் நல்ல ருசி.

ருசி எஞ்சினுக்குத் தெரியாது. உப்பும் சுண்ணாம்பும் குழாய்க்குள்ள படியும், அலுமினியத்தை அரிக்கும். கூலண்ட் கான்சன்ட்ரேட் வாங்குனா டிஸ்டில்ட் தண்ணியோட பாதிக்குப் பாதி கலங்க. ரெடிமிக்ஸ்னு போட்டிருந்தா தண்ணி சேர்க்காதீங்க. நிறத்தை நம்பாதீங்க, கையேட்டுல சொன்ன வகையைப் பாருங்க. வழியில வத்திட்டா கிடைக்கிற தண்ணியை ஊத்தி வீடு வந்து சேருங்க, பிறகு கழுவிட்டுப் புதுசு நிரப்புங்க.

திங்கள்சந்தை: போர்வெல் வெள்ளம்?

மேலே படிங்க.

குழித்துறை: நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். நம்ம ஊருல பனியா பெய்யுது? தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சா தீர்ந்துது. இதுக்கு இவ்வளவு பேச்சா?

இதைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன். தெர்மோஸ்டாட்ங்கிறது சூட்டுக்குத் தக்கபடி ரேடியேட்டருக்குப் போற கூலண்ட் வழியைத் திறந்து மூடுற வால்வு. அது குளிருக்காக மட்டும் வச்சதில்ல. எஞ்சினை அதுக்குரிய சூட்டுல நிறுத்துறதுதான் அதோட வேலை. கழட்டுனா எஞ்சின் சூடேற நேரமாகும். இன்னும் குளிர்ந்தே கிடக்குதுன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் குறையும், ஆயில்ல ஈரம் தங்கும்.

இன்னொண்ணு. பல எஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு அடியில ரெண்டாவது தட்டு ஒண்ணு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது அது கீழ பைபாஸ் வழியை அடைக்கும். முழுசையும் கழட்டுனா பைபாஸ் திறந்தே கிடக்கும். கொஞ்சம் கூலண்ட் ரேடியேட்டர் பக்கமே போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும். அந்த மாதிரி எஞ்சின்ல சூடு கூடத்தான் செய்யும்.

குழித்துறை: கழட்டுன வண்டி எல்லாத்திலயும் முள்ளு இறங்கியிருக்கே?

ரோட்டுல ஓடும்போது இறங்கும், அங்க அதுக்கு முன்னாலயும் பிரச்சினை இல்லயே. வடசேரி நெரிசல்ல கால் மணி நேரம் நிறுத்திப் பாருங்க, ஃபேன் கெட்டிருந்தா மறுபடி ஏறும். பைபாஸ் தட்டு இல்லாத எஞ்சின்ல கூட, கழட்டுறதால ஏற நேரமாகும், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் மேல சந்தேகம்னா கழட்டிப் பாத்திரத்துத் தண்ணியில நூல்ல தொங்கவிட்டு அடுப்பு மூட்டுங்க. அடியில தட்டாம தொங்கணும், பக்கத்துல தெர்மாமீட்டர் வைங்க. அதுல 82னு பொறிச்சிருந்தா 82 பக்கத்துல வாய் திறக்க ஆரம்பிக்கணும். கொதிச்சும் திறக்கலைன்னா புதுசு வாங்கி மாட்டுங்க, எறியாதீங்க.

அருமனை: குழித்துறை அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பழைய டீசல் ஜீப்புல கழட்டித்தான் ஓட்டுறோம்.

ஓடுது, சரி. அந்த வண்டியில எஞ்சினே சுத்துற, நடுவுல கிளட்ச் வச்ச விஸ்கஸ் ஃபேனா? எஞ்சின் நல்லா சூடானதும் அணைச்சு, சாவியை எடுத்துட்டு, ஃபேன் இலையைக் கையால தள்ளுங்க. தடங்கலே இல்லாம பல சுத்து சுத்துனா கிளட்ச் போச்சு. உங்க நெரிசல் சூடு அங்க இருக்கும். தெர்மோஸ்டாட் பேச்சு இதோட போதும்.

பூதப்பாண்டி: கூலண்ட் குறைஞ்சிட்டே போகுது, கீழ ஒரு சொட்டு இல்ல.

முதல்ல ரேடியேட்டர் மூடியைப் பாருங்க. 0.9 பார் அழுத்தத்தை அது பிடிச்சாத்தான் வெறும் தண்ணி கூட 118 டிகிரி வரை கொதிக்காம நிக்கும். ரப்பர் வெடிச்சிருந்தா கூலண்ட் ஆவியாப் போகும். மூடி சரின்னா, காலையில எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்க. விடாம குமிழி வந்தா, இல்ல மூடியைப் போட்டுக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுன ஒரு நிமிஷத்துல ரேடியேட்டர் மேல் ஓஸ் கல்லு மாதிரி இறுகுனா, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போச்சு. ஓட்டாதீங்க, ஹெட் வளைஞ்சா செலவு பல மடங்கு.

ஆரல்வாய்மொழி: ஏசி கூலிங் இல்ல, கேஸ் எவ்வளவு ஏத்தணும்?

ஏசி மெக்கானிக்கைப் பாருங்க.

இரணியல்: நடுரோட்டுல சிவப்பு வந்தா உடனே என்ன செய்ய?

ஏசி நிறுத்து, ஹீட்டரை முழுச் சூட்டுல வை, புளோவர் கடைசி வேகம். வேர்க்கும், ஆனா எஞ்சின் சூடு உள்ள இறங்கும். அப்பவும் ஏறுனா ஓரங்கட்டி அணை. அரை மணி நேரம் தொடாதே. எஞ்சின் மேல பச்சைத் தண்ணி ஊத்தாதே.

முட்டம்: அரை மணி கழிச்சு மூடியைத் திறக்கலாமா?

மேல் ஓஸை அழுத்துங்க. இன்னும் இறுக்கமா இருந்தா திறக்காதீங்க. தொளதொளன்னு இருந்தா தடித் துணி போட்டுக் கால் திருப்பு திருப்பி, சீறல் நின்ன பிறகு மீதி.

திங்கள்சந்தை: ஆர்ஓ வெள்ளம்?

டிஸ்டில்ட்.