முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியருக்கும் கற்பித்தல் பயிற்சி தேவையா?

கட்டாயம் தேவை. பாடம் தெரிவது வேறு, அதைப் புரியவைப்பது வேறு. முனைவர் பட்டம் சோதிப்பது முதலாவதைத்தான். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிட்டு, நியூட்டன் விதிகள் பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் 1991-இல் அவர் விரிவுரையைக் குறைத்து, மாணவர்கள் பக்கத்தில் இருப்பவருடன் விவாதிக்கும் முறையைத் தொடங்கினார்.

ஒருநாள் பட்டறையில் பெரிதாக எதுவும் மாறாது. நீங்கள் நம்பும் சக ஆசிரியரைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். கேள்வி கேட்டதும் எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள் என்று மட்டும் அவர் குறிக்கட்டும். பெரும்பாலும் ஒரு விநாடிதான் இருக்கும்! மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளும், பேசாதவர்களும் வாய் திறப்பார்கள். அப்புறம் அடுத்த வாரம் அவர் வகுப்பில் நீங்கள் போய் உட்காருங்கள்.