மோரோவிண்டில் வந்தேறிக்கு என்ன உரிமை? கேள்வி பதில்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டு வரிசையில் மூன்றாவதாக 2002இல் வெளிவந்தது மோரோவிண்ட். கதை நடக்கும் மாகாணத்தின் பெயரும் அதுவே; அது ஒரு பேரரசின் பகுதி. அதை இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்களும் முதல் மணி நேரத்திலேயே ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்: இந்த ஊர்க்காரர்கள் ஏன் என்னை வந்தேறி என்கிறார்கள், எனக்கு இங்கே என்ன உரிமை இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். கதையின் பிற்பகுதியை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் ஹோர்டேட்டர் பற்றிய கேள்வியைத் தாண்டிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, செய்டா நீனில் கப்பலை விட்டு இறங்கியதும் அலுவலகத்தில் பெயர், இனம் எல்லாம் கேட்டு எழுதிக் காகிதம் கொடுத்தார்கள். அதோடு நான் குடிமகன் ஆகிவிட்டேனா?

இல்லை தம்பி. அது விடுதலைக் காகிதம். கைதியாக வந்தீர்கள், பேரரசரின் ஆணைப்படி விடுவிக்கப்பட்டீர்கள், இவ்வளவுதான் அதன் பொருள். பேரரசின் பார்வையில் அது போதும். சாலையில் நடக்கலாம், கடையில் வாங்கலாம் விற்கலாம், போர்வீரர் கில்டிலோ மந்திரவாதிகள் கில்டிலோ சேரலாம், தப்பு செய்தால் அபராதம் கட்டலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மோரோவிண்ட் மற்ற மாகாணங்களைப் போல அடக்கப்பட்டுப் பேரரசில் சேர்ந்த நாடு கிடையாது. இரண்டாம் யுகம் 896இல் விவெக் என்ற வாழும் தெய்வம் பேரரசர் டைபர் செப்டிமுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பேரரசுக்குள் வருகிறோம், ஆனால் எங்களை ஆளும் குலங்களான பெருங்குடிகளின் ஆட்சி, எங்கள் கோயில், எங்கள் அடிமைமுறை ஆகியவற்றில் கை வைக்கக்கூடாது என்பது பேச்சு. ஆகவே இங்கே இரண்டு அதிகாரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. பேரரசு உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்காக ஹ்லாலு, ரெடோரான், டெல்வானி குடிகளில் ஒன்றுகூட உங்களை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. விளையாட்டு நடக்கும் வார்டன்ஃபெல் தீவில் உள்ளூர்க்காரர் ஒருவர் உங்களுக்காக வாய் திறக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

கேள்வி: நான் ஊர்க்காரர்களின் டன்மர் இனத்தையே தேர்ந்தெடுத்தேன். சாம்பல் தோல், சிவப்புக் கண் எல்லாம் அவர்களைப் போலவேதான். என்னையும் வந்தேறி என்கிறார்களே?

வெளியே வளர்ந்த டன்மரும் அவர்களுக்கு வந்தேறிதான். ஒரே இனத்தவரிடம் பேசும்போது அவர்களின் விருப்ப எண்ணில் 5 புள்ளி கூடும். அதற்கு மேல் ரத்தத்துக்குச் சலுகை இல்லை. எந்தக் குடி, எந்தக் கோயில், யாருடைய ஆள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: பால்மோராவில் ஒருவன் "ன்வா" (வந்தேறிகளை இழிவாகச் சொல்லும் வசைச்சொல்) என்று திட்டினான். அடிக்கலாமா?

நீங்கள் முதலில் கை ஓங்கினால் தாக்குதல் குற்றம், 40 பொன் அபராதம். கொன்றுவிட்டால் 1000. இந்தத் தொகை ஊர்க்காரனுக்கும் வந்தேறிக்கும் ஒன்றுதான். சட்டப் புத்தகத்தில் பாகுபாடு கிடையாது. அவன் முதலில் வாளை உருவினால் நீங்கள் தற்காத்துக்கொள்ளலாம், பெயரில் குற்றம் ஏறாது. ஆனால் அந்த ஊரின் கவுன்சில் கிளப் பக்கம் புதிதாகப் போகவேண்டாம். அது கமோனா டாங் கும்பல் கூடும் இடம். வந்தேறிகளை வெறுப்பதையே கொள்கையாக வைத்திருப்பவர்கள் அவர்கள்.

கேள்வி: நான் பல்லி மனித இனமான ஆர்கோனியன். மூன்று பெருங்குடிகளில் எதில் சேர்ந்தால் மரியாதை கிடைக்கும்?

மூன்றுமே உங்களைச் சேர்த்துக்கொள்ளும், ஆனால் ஒன்றில்தான் சேர முடியும். பிறகு மாற முடியாது. அதனால் நிதானமாக யோசியுங்கள்.

ஹ்லாலு வியாபாரக் குடி. பேரரசோடு ஒத்துப்போவதில் லாபம் இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டவர்கள். அவர்களுடைய ஆலோசகர்களில் ஒருவரான கிராசியஸ் க்யூரியோ டன்மரே அல்லர், இம்பீரியல் இனத்தவர். வந்தேறி ஒருவர் உச்சி வரை ஏற முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அந்தக் குடியின் இன்னொரு பக்கத்தில் கமோனா டாங்கின் தலைவன் ஓர்வாஸ் ட்ரென் தோட்டம் வைத்திருக்கிறான். அங்கே வேலை செய்வது உங்கள் இனத்து அடிமைகள். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடும் குடியும் அதுதான், உங்கள் ஆட்களை விலங்கிட்டு வைத்திருக்கும் குடியும் அதுதான்.

ரெடோரான் வீரர் குடி. ஆல்ட்ரூனில் ஒரு மாபெரும் நண்டின் ஓட்டுக்குள் வீடு கட்டி வாழ்கிறார்கள். பழமைவாதிகள், முகத்துக்கு நேரே கடுமையாகப் பேசுவார்கள். ஆனால் கொடுத்த வேலையை முடித்துவிட்டு வந்தால் வார்த்தை தவற மாட்டார்கள். எனக்கு இந்தக் குடிமேல்தான் மதிப்பு.

டெல்வானி மந்திரவாதிகள். நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. வலிமை உள்ளவன் மேலே, இல்லாதவன் கீழே. தன் குடிக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கொன்று மேலேறுவதைக்கூடத் தப்பாக நினைப்பதில்லை.

கேள்வி: சாட்ரித் மோராவில் ஏதோ விருந்தோம்பல் காகிதம் வேண்டும் என்கிறார்களே?

அது டெல்வானி ஊர். வெளியார் கேட்வே இன் விடுதியில் உள்ள அலுவலகத்தில் 25 பொன் கொடுத்து விருந்தோம்பல் காகிதம் வாங்கிக்கொள்ளவேண்டும். இல்லாதவர்களோடு ஊர் வணிகர்கள் வியாபாரம் செய்யக்கூடாது என்பது விதி. வாங்கிவிடுங்கள், தொகை சிறியது. ஊருக்கு வெளியே வுல்வரின் ஹால் என்ற பேரரசுக் கோட்டை இருக்கிறது. அங்கே இந்தக் காகிதம் தேவையில்லை. ஒரே துறைமுகத்தில் நூறு அடி தள்ளி வேறு சட்டம்.

கேள்வி: நிலம் வாங்கி வீடு கட்ட வழி உண்டா?

காசு கொடுத்து வாங்க வழியே இல்லை. வார்டன்ஃபெல் நெடுங்காலம் கோயிலின் காப்புநிலமாக இருந்தது. மூன்றாம் யுகம் 414இல்தான் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டார்கள். விளையாட்டு நடப்பது 427இல். அதாவது பதின்மூன்று ஆண்டுகளாகத்தான் நிலப்போட்டி நடக்கிறது. எல்லோரும் எரிச்சலில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடியில் பதவி உயர்ந்தால் உங்களுக்கு ஒரு கோட்டை கட்டித்தர முன்வருவார்கள். ஹ்லாலுவுக்குப் பால்மோரா அருகே ஓடாய் மேட்டில், ரெடோரானுக்குப் பால் இஸ்ராவில், டெல்வானிக்கு உவிரித் கல்லறைப் பக்கம். குடியின் புரவலர் சரி என்றாலும் போதாது. எபன்ஹார்ட் போய்ப் பேரரசின் சார்பில் ஆளும் வேடம் ட்ரென் என்ற கோமகனிடம் கட்டுமான ஒப்பந்தம் வாங்கவேண்டும். முன்பு சொன்ன இரண்டு அதிகாரங்களின் கையெழுத்தும் ஒரே கட்டடத்தில் சேரும் இடம் இது.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க விரும்பினால் பேரரசுப் படையான லீஜியனில் சேர்ந்து ஞிசிஸ் ஊருக்குப் போங்கள். அங்கே தளபதி டேரியஸ் உங்களை விதவை வாப்டாஸிடம் அனுப்பி நிலப் பத்திரத்தை வாங்கி வரச் சொல்வார். தன் கணவனைச் சுரங்கத்தில் படைவீரர்களே கொன்றுவிட்டதாக அந்த அம்மா சொல்வாள். வந்தேறி என்று திட்டு வாங்கியே பழகியவர்கள் அந்த வாசலில் நின்றால்தான் இந்த ஊர்க்காரர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அந்த வேலையை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: பேரரசில் அடிமைமுறை சட்டவிரோதம் என்றால், பேரரசின் காவலர்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டாமா?

மோரோவிண்டுக்கு மட்டும் உடன்படிக்கையில் விலக்கு. அதனால் காவலர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். இன்னும் மோசம், பேரரசின் சாசனம் பெற்ற கால்டேரா சுரங்கத்திலேயே அடிமைகள் வேலை செய்கிறார்கள். பூனை மனிதர்களான கஜீத்துகளும் ஆர்கோனியர்களும்தான் பெரும்பாலும். இன்னொரு மாகாணத்தில் பேரரசின் சுதந்திரமான குடிகளாக இருந்திருக்கவேண்டியவர்கள், இங்கே கையில் வளையத்தோடு நிற்கிறார்கள். விளையாட்டில் குடியுரிமை பற்றி இதைவிட உறைக்கும் இடம் வேறில்லை.

செய்யக்கூடியது உண்டு. எபன்ஹார்ட்டில் ஆர்கோனியத் தூதரகம் இருக்கிறது. அங்கே இம்-கிலாயாவைப் பாருங்கள். இரட்டை விளக்குகள் என்ற ரகசிய அமைப்பு அடிமைகளைத் தப்பவைத்து அனுப்புகிறது. அதில் இன்னொருவர் இல்மேனி ட்ரென். கோமகன் வேடம் ட்ரெனின் மகள், தோட்டக்காரன் ஓர்வாஸ் ட்ரெனின் அண்ணன் மகள். அப்பா பேரரசின் ஆள், சித்தப்பா அடிமைக்காரன், மகள் விவெக் நகரத்தின் அடித்தளத்தில் ஒளிந்து அடிமைகளுக்காக வேலை செய்கிறாள். மாகாணத்தின் மொத்தச் சண்டையும் அந்த ஒரு குடும்பத்துக்குள் இருக்கிறது.

கேள்வி: கோயிலில் வந்தேறி சேரலாமா?

தாராளமாக. ஏழு அருள்களின் யாத்திரையை நடந்து முடிக்கச் சொல்வார்கள். பலர் இதை அலுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் செய்யச் சொல்வேன். ஊரின் தெய்வக் கதைகள் அதில்தான் தெரியவரும்.

கேள்வி: ஆஷ்லாண்டர் பழங்குடிகளிடம் எப்படி நடந்துகொள்வது? கூடாரத்துக்குள் போனால் முறைக்கிறார்கள்.

சாம்பல் நிலத்தில் நான்கு குலங்கள்: உர்ஷிலாகு, அஹெமூசா, எராபெனிம்சுன், ஸைனாப். பேரரசையும் ஏற்கவில்லை, கோயிலையும் ஏற்கவில்லை. காகிதம் அங்கே செல்லாது. உர்ஷிலாகுத் தலைவர் சுல்-மாட்டூலைப் பார்க்கவேண்டுமானால் முதலில் மற்றவர்களிடம் தன்மையாகப் பேசி, பரிசு கொடுத்து வழி கேட்கவேண்டும். தலைவர் உங்களைக் குலத்தின் புதைகுகைக்கு அனுப்பித் தன் தந்தையின் வில்லை எடுத்துவரச் சொல்வார். கொண்டுவந்தால் குலநண்பர் ஆவீர்கள். அதன்பிறகு அதே கூடாரங்களில் பேச்சே மாறிவிடும். என் கணக்கில் இந்தத் தீவிலேயே நேர்மையான குடியுரிமைச் சடங்கு இதுதான். செய்யவேண்டியதைச் சொல்கிறார்கள், செய்தால் தருகிறார்கள், பிறகு திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: ஹோர்டேட்டர் ஆனால் முழுக் குடிமகன் என்று சொல்லலாமா?

அதற்கும் மேலே. ஹோர்டேட்டர் என்பது எல்லாக் குடிகளும் சேர்ந்து ஏற்கும் போர்த்தலைவர் பதவி. கதையின்படி மூன்று குடிகளும் உங்களை ஹோர்டேட்டர் என்றும், நான்கு ஆஷ்லாண்டர் குலங்களும் நெரவரின் (நெரவர் என்ற பழைய வீரரின் மறுபிறவி) என்றும் ஏற்கவேண்டும். கப்பலில் கைதியாக வந்த வந்தேறி!

ஒவ்வொரு குடியும் அந்த ஒப்புதலைத் தரும் விதத்தைக் கவனியுங்கள். ஹ்லாலுவில் க்யூரியோ 1000 பொன் கேட்பார், ஓர்வாஸ் ட்ரெனின் பிடியில் உள்ள மற்றவர்களை வேறு சரிக்கட்டவேண்டும். ரெடோரானில் எல்லோரும் சம்மதித்தாலும் தலைவர் போல்வின் வெனிம் மட்டும் உங்களோடு விவெக் அரங்கில் நேருக்கு நேர் மோதித்தான் தீர்ப்பார். டெல்வானித் தலைவர் காத்ரென் இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டே இருப்பார். மற்ற மந்திரவாதிகளே அவரைத் தீர்த்துவிடச் சொல்வார்கள். காசு, மானம், வலிமை. அந்தந்தக் குடியின் குணத்தை எழுதியவர்கள் எவ்வளவு கவனமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

கேள்வி: நான் இதே வரிசையில் பின்னால் வந்த ஸ்கைரிம் மட்டும்தான் விளையாடியிருக்கிறேன். அதில் இதெல்லாம் இல்லையா?

இருக்கிறது, வேறு வடிவில். அது 2011இல் வந்தது, கதை நடப்பது நான்காம் யுகம் 201இல். ஒரு நகரத் தலைவருக்கு உதவினால் தேன் (Thane) என்ற பட்டமும் வீடு வாங்கும் அனுமதியும் தருவார். வைட்ரனில் அந்த வீடு 5000 பொன். ஓர்க் கோட்டைகளில் தலைவர் சொன்ன வேலையை முடித்தால் ரத்த உறவு என்று ஏற்பார்கள். கஜீத் வணிகர்களுக்கு நகர வாசலே திறப்பதில்லை, மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டு விற்கிறார்கள்.

விண்ட்ஹெல்முக்குக் கண்டிப்பாகப் போங்கள். நான்காம் யுகம் 5இல் சிவப்பு மலை வெடித்து வார்டன்ஃபெல் அழிந்தது. தப்பி வந்த டன்மர்களின் வாரிசுகள் அங்கே சாம்பல் குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வாசலில் நுழைந்ததுமே உள்ளூர் இனமான நார்டு ஒருவன் டன்மர் பெண்ணிடம் கத்துவதைக் கேட்பீர்கள். ஆர்கோனியர்களுக்கு நகருக்குள் தங்கவே அனுமதி இல்லை. துறைமுகத்தில் குறைந்த கூலிக்கு மூட்டை தூக்குகிறார்கள். மோரோவிண்டை முடித்துவிட்டு இங்கே வந்தால் மனது கனத்துவிடும்.

கேள்வி: நான் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தை நடத்துகிறேன். என் கற்பனை நகரத்துக்கு இப்படி ஒரு குடியுரிமை முறை அமைக்க என்ன படிக்கலாம்?

வரலாறு படியுங்கள், அதைவிட நல்ல சுரங்கம் இல்லை. பண்டைய ஏதென்ஸில் குடியேறியவர்கள் மெடாய்க் எனப்பட்டார்கள். உள்ளூர்க் குடிமகன் ஒருவர் புரவலராக நிற்கவேண்டும், ஆண்டுக்கு ஆணுக்கு 12 டிராக்மா வரி, நிலம் வாங்க உரிமை இல்லை. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் சட்டம் வந்தபின் தாய் தந்தை இருவருமே ஏதெனியராக இருந்தால்தான் குடியுரிமை. ரோமில் துணைப்படையில் 25 ஆண்டு சேவை செய்தால் குடியுரிமையும் வெண்கலப் பட்டயமும் கிடைத்தன.

நம் பக்கத்திலேயே அருமையான உதாரணம் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. ஏறத்தாழ கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், கடல் கடந்து வந்த கிறிஸ்தவ வணிகர்களின் பள்ளிக்கு (தேவாலயத்துக்கு) நிலமும் வரிவிலக்கும், தன் ஆட்களின் குற்றத்தைத் தானே விசாரிக்கும் உரிமையும் கொடுத்தார். வணிகக் குழுக்களான அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் அவற்றைக் காக்கப் பொறுப்பேற்றன. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பாரசீகத்திலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. மன்னன் கொடுத்த உரிமை, அதைக் காக்கும் வணிகர்கள், பல மொழிச் சாட்சிகள்: ஆட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் ஆட்டக்காரர்களிடம் இப்படி ஒரு ஏட்டைக் கொடுங்கள். பிறகு சாட்சிகளில் ஒருவர் அதை மறுக்கட்டும், காவல் குழு இரண்டாகப் பிரியட்டும். மூன்று நான்கு அமர்வுகளுக்குச் சண்டையே தேவைப்படாது.