ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளத்தைக் குழியில் இறக்கிச் சுற்றிலும் மண் நிரப்பும்போது அதன் நீளப் பக்கம் உள்ளே வளைகிறதா?

மேலும் மண் போடாதீர்கள். வளைந்த பக்கம் போட்டதை முதலில் வெளியே அள்ளுங்கள், ஆனால் குளத்துக்குள் இருக்கும் தண்ணீரை இறைக்க வேண்டாம், இப்போது குளத்தின் சுவரைப் பிடித்து நிறுத்தியிருப்பதே அதுதான்.

செலவைக் குறைக்கத் தோண்டிய மண்ணையே சுற்றிலும் நிரப்பியிருந்தால், பெரும்பாலும் காரணம் அதுதான். அதில் களிமண் இருந்தால் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கழுவிய சிறு ஜல்லி அப்படிச் செய்யாது, தண்ணீரும் அதன் வழியே வடிந்துவிடும். குழி தோண்டுவது, நடைபாதை போடுவது இதிலெல்லாம் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம், ஜல்லியில் மட்டும் வேண்டாம்.

இரு ஓரங்களுக்கும் குறுக்கே நூல் கட்டி மூன்று நான்கு இடத்தில் அகலத்தை அளந்து குளத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக வந்துவிட்டால் உள்ளே ஓர் அடி தண்ணீர், வெளியே ஓர் அடி ஜல்லி என்று இரண்டையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

அள்ளிய பிறகும் வளைவு குறையவில்லை, அல்லது குழியில் நீர் ஊறுகிறது என்றால் அது நிலத்தடி நீரின் அழுத்தமாக இருக்கலாம். அப்போது நிரப்புவதை விட்டுவிட்டு குளத்தைத் தயாரித்தவர்களிடம் கேளுங்கள், உத்தரவாதச் சீட்டில் எதைக்கொண்டு நிரப்பச் சொல்லியிருக்கிறது என்பதையும் அதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.